பூஜையில் வைத்த தொப்பி

குப்பனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் கண்டால் ஆகாது. அந்த ஆளை அவர் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு டி.வி.யில் வருவான், அவ்வளவுதான். பெயர் மத்தாப்பு மணவாளன். இருபது வருஷமாகத் தமிழ்நாட்டைச் சிரிக்க வைக்கிறேன் என்று அவனே சொல்லிக்கொள்வான். வருவான், போவான் என்று எழுதுவதற்காக அவனுடைய ரசிகர்கள் என்மேல் பாய்ந்தால் பாயட்டும். குப்பன் கதையைச் சொல்ல உட்கார்ந்துவிட்டு அந்த ஆளுக்கு மரியாதை போட எனக்குக் கை வரவில்லை.

அவன் போட்ட வேஷங்களில் ஜனங்களுக்குப் பிடித்துப் போனது ஒன்றுதான், தூங்குமூஞ்சி வாட்ச்மேன். தொளதொளவென்று காக்கிச் சட்டை, காதுவரை இறங்கிய தொப்பி, கழுத்தில் விசில். ஸ்டூலில் உட்கார்ந்து குறட்டை விடுவான். முதலாளி வந்து உலுக்குவார். துள்ளி எழுந்து இடது கையால் சல்யூட் அடித்து, "நான் தூங்கல சார், கண்ண மூடிக்கினு பாத்துக்கினு இருந்தேன்" என்பான். எங்கிருந்தோ கூட்டமாகச் சிரிப்புச் சத்தம் வரும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவன் பங்களா கட்டினான், பட்டம் வாங்கினான், பொன்னாடை போர்த்திக்கொண்டான்.

குப்பன் நிஜமாகவே வாட்ச்மேன். வினை அங்கேதான்.

பழவேற்காடு ஏரியோரத்து மீனவக் குப்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். முப்பது வயதுவரை இறால் வலை இழுத்தார். முகத்துவாரம் மணல் மூடி, ஏரியில் மீன்பாடு குறைந்து போனதும், மனைவி அங்காளம்மாளையும் கைக்குழந்தை அஸ்வினியையும் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்தார். இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி போடுகிற ஆலையில், ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி மூலமாகக் கேட் வேலை கிடைத்தது. லாரி உள்ளே போனால் வண்டி நம்பர் எழுதுவார். வெளியே வந்தால் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார். டிரைவர் முறைத்தாலும் பார்ப்பார், கெஞ்சினாலும் பார்ப்பார். ஏரியில் வலை போட்டுவிட்டுக் கண் விழித்துக் கிடந்து பழகிய உடம்பு அது. பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு துண்டுக் கம்பி களவு போனதில்லை.

ஆனால் யார் அதைக் கண்டார்கள்? ஷிப்ட்டுக்கு வருகிறவன் எல்லாம் சைக்கிளில் கால் ஊன்றி, "இன்னா குப்பண்ணா, கண்ண மூடிக்கினு பாத்துக்கினு கீறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். பள்ளிக்கூடத்தில் அஸ்வினிக்கு 'குறட்டை பொண்ணு' என்று பெயர். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அந்தப் பேச்சுதான். மணவாளன் டாக்டராக வந்தால், வக்கீலாக வந்தால், நல்ல தமிழ் பேசுவான். வாட்ச்மேன் வேஷம் கட்டினால் மட்டும் குப்பன் வீட்டுப் பேச்சு அவன் வாயில் வந்துவிடும். முட்டாள் என்றால் இப்படித்தான் பேசுவான் என்று யார் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது? குப்பனின் அப்பன் அந்தப் பேச்சில்தான் பேசினான், சாகிறவரை.

திங்கட்கிழமை கேன்டீனில் மணவாளனை வைத்து ஒரு சண்டை தவறாமல் நடக்கும். ஃபர்னேஸில் மூத்த ஆளான ஆதிநாராயணன் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார். "டி.வி. வர்றதுக்கு முன்னாடி நாடக மேடையில ஜொலிச்சவரு நைனா அவரு. இப்ப வர்ற பசங்களுக்கு இன்னா தெரியும்?" என்பார். "நான் ஒன்னாங்கிளாஸ் படிக்கும்போது சொன்ன ஜோக்கத்தான் இன்னும் சொல்லிக்கினு கீறாரு. எனக்குக் கல்யாணமே ஆயிடுச்சு" என்று இளவட்ட ஃபிட்டர்கள் கத்துவார்கள். சோறு பரிமாறுகிற மேரி, "அந்தாளு என்னைக்காவது பணக்காரன கிண்டல் பண்ணி பாத்துகிறீங்களா? வாட்ச்மேன், வேலைக்காரி, பால்காரன். கைக்கு எட்றவன் தலையிலதான் குட்டுவாரு" என்று ஒரே போடாகப் போடுவாள். வாரப் பத்திரிகையின் வாசகர் கடிதங்களிலும் இதே கூத்துதான். பாதிப் பேர் நகைச்சுவைச் சக்கரவர்த்தி என்று எழுதினார்கள். மீதிப் பேர், எப்போது ஐயா நிறுத்துவீர்கள் என்று எழுதினார்கள்.

குப்பன் இதில் வாயே திறந்ததில்லை. காரணம், அவர் வீட்டிலேயே மணவாளனுக்கு ஒரு ரசிகை இருந்தாள். அங்காளம்மாள் ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவுவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்துகொள்வாள். அந்த வரி வந்ததும், முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். ஒருநாள் கேட்டே விட்டார்.

"அவன் பண்றத பாத்து சிரிக்கிறியே, நான் அப்டியா கீறேன்?"

"அய்ய, அது டி.வி.தான்யா. அதுல போயி நீ ஏன் ஒன்ன பாக்குற?"

 சந்தேகம் அவர் மனசில் புகுந்துவிட்டது. இவள் சிரிக்கும்போது அந்த ஸ்டூலில் யாரைப் பார்க்கிறாள்? ஊரே கிண்டல் செய்தாலும் உதறிவிட்டுப் போகலாம், கட்டியவள் கண்ணில் தான் ஒரு கோமாளி என்றால் எங்கே போவது? அன்றிலிருந்து ஞாயிறு பத்தரை மணி ஆனால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருக்குழாயடிக்குக் குளிக்கப் போய்விடுவார். மழை பெய்தாலும் போவார்.

இனி அந்த ஆயுத பூஜைக்கு வருவோம். இரண்டாயிரத்து ஐந்து என்று நினைவு.

ஆலைக்கு வந்த முதல் வருஷம் குப்பன் ஒன்றைக் கவனித்தார். ஃபர்னேஸுக்குப் பொட்டு வைத்தார்கள், கிரேனுக்கு மாலை போட்டார்கள், கேன்டீன் கிரைண்டருக்குக்கூடக் குங்குமம் இட்டார்கள். கேட்டை ஒருத்தரும் நினைக்கவில்லை. அவர் பாட்டுக்குத் தன் தொப்பி, விசில், லத்தி, டார்ச், கேட் ரிஜிஸ்தர் எல்லாவற்றையும் துடைத்து, வாட்ச்மேன் அறையில் வாழை இலை விரித்து அதன்மேல் வைத்து, சந்தனம் தடவிக் கற்பூரம் காட்டினார். முதலில் சிரித்தார்கள். பிறகு அதுவே வழக்கமாகி, ஐயர் கேட்டுக்கு வந்து தீபாராதனை காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார் என்று ஆயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை கற்பூரம் காட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரை ஸ்பேனரை யாரும் தொடமாட்டார்கள். குப்பனும் அன்று ஒருநாள் மட்டும் தொப்பி இல்லாமல், வெறுங்கையோடு கேட்டில் நிற்பார்.

அந்த வருஷம் ஆலைக்கு வெள்ளி விழா. சிறப்பு விருந்தினர் மத்தாப்பு மணவாளன் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆதிநாராயணன் சொந்தச் செலவில் ரோஜா மாலைக்குச் சொல்லி வைத்தார். பூஜையன்று குடும்பத்தோடு உள்ளே வரலாம் என்பதால், அங்காளம்மாள் அரக்குப் புடவை கட்டிக்கொண்டு, அஸ்வினியோடு முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டாள்.

கார் வந்தது. குப்பன் வலது கையால் விறைப்பாகச் சல்யூட் வைத்தார். வேலை என்றால் வேலை. உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்ட முகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேடையில் மணவாளன் பழைய சரக்கை அவிழ்த்தான். பெரியவர்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் ஃபிட்டர்கள், "சார், இது எங்க தாத்தா காலத்து ஜோக்கு. புதுசா எதுனா சொல்லு!" என்று விசிலடித்தார்கள். இன்னொன்று சொன்னான், அதுவும் எடுபடவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கைவசம் இருந்த கடைசிச் சீட்டை இறக்கினான்.

"இங்கே ஒரிஜினல் வாட்ச்மேன் ஒருத்தர் இருப்பாரே? அவருடைய தொப்பி, விசில், கம்பு எல்லாம் கொண்டு வாங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கு அவர் தூங்கட்டும், நான் முதலாளி!"

கூட்டம் ஓவென்று கத்தியது. பர்சனல் ஆபீசர் மூச்சு வாங்க வாட்ச்மேன் அறைக்கு ஓடி வந்தார்.

"குப்பா, தொப்பியை எடு. மேடைக்கு வா, சீக்கிரம்."

"பூஜைல வெச்சிகிறேன் சார். நாளைக்கி காலைலதான் எடுக்கணும்."

"தொப்பிக்கு என்னய்யா பூஜை?"

"ஃபர்னேஸாண்ட வெச்ச சாமான எடுக்கச் சொல்வீங்களா சார்?"

"அது மெஷின். இது தொப்பி. விளையாடாதே, முதலாளி பார்த்துக்கிட்டு இருக்கார்."

குப்பன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.  ஆபீசர் பத்து வரி புகார் எழுதினால் ஏஜென்சிக்காரன் வேறு ஆளை அனுப்பிவிடுவான் என்பது அவருக்குத் தெரியும். "என்னை வேணா அனுப்பிடுங்க சார். இத எடுக்க வுடமாட்டேன்" என்றார்.

மைக்கில் மணவாளன் குரல் வந்தது. "இன்னாபா, வாட்ச்மேன் கண்ண மூடிக்கினு பாத்துக்கினு கீறாரா?"

கேட்டுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்த ஷாமியானா அதிர்ந்தது. குப்பன் முதல் வரிசையைப் பார்த்தார். அங்காளம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோரும் கேட் பக்கம் திரும்புவதைக் கண்டு அவளும் திரும்பினாள். தொப்பியில்லாத தலையோடு, ஆபீசரை மறித்து நிற்கிற தன் புருஷனைப் பார்த்தாள். முந்தானை கையிலேயே நின்றுபோனது.

மணவாளன் வயர் இல்லாத மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி நேராக அறைக்கே வந்துவிட்டான். கூட்டமும் பின்னாலேயே வந்தது. "ரொம்பத்தான் பிகு பண்றாரே நம்ம ஹீரோ" என்று சொல்லிக்கொண்டே, குப்பனின் தோளுக்குப் பக்கமாகக் கையை நீட்டி இலையில் இருந்த தொப்பியைத் தொட்டான். குப்பன் அந்தக் கையைப் பிடித்தார். லாரி டிரைவரின் கையைப் பிடிக்கிற பிடி.

"பன்னெண்டு வருஷமா இந்த கேட்ல நிக்கிறேன். திருடன் வந்தது இன்னைக்குத்தான் சார் மொத தபா."

அவர் கத்தவில்லை. ஆனால் மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. ஆலை முழுக்கக் கேட்டது.

 அப்புறம் பாருங்கள், அன்று முழுக்க வராத சிரிப்பு வந்தது. ஃபிட்டர்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள், மேரி கரண்டியால் தட்டைத் தட்டினாள், ஆதிநாராயணன்கூட வாயைப் பொத்திக்கொண்டார். மணவாளன் தொழில்காரன் இல்லையா? கையை விடுவித்துக்கொண்டு, குப்பன் தோளைத் தட்டி, "சூப்பர்யா!" என்று அவனும் சிரித்தான். கூட்டத்தில் சிரிக்காதவர் ஒருவர் குப்பன், இன்னொருத்தி அங்காளம்மாள்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டித் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் ஏஜென்சியிலிருந்து உத்தரவு வந்தது. விருந்தினரை அவமானப்படுத்தியதற்காக, எளாவூர் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பாழடைந்த குடோனுக்குக் காவல். வண்டியும் வராது, ஆளும் வராது. எழுத ரிஜிஸ்தர்கூட இல்லை. ஒரு ஸ்டூல் மட்டும் இருந்தது. அவர் அதில் உட்காருவதில்லை.

ஒன்றரை மாதம் கழிந்தது. ஒரு ஞாயிறு அவருக்கு டியூட்டி. திங்கள் காலை வீடு திரும்பும் வழியில் டீக்கடையில் ஆதிநாராயணனும் ஃபிட்டர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

"நைனா, நேத்து மணவாளன பாத்தியா? பழைய ஃபார்முக்கு வந்துட்டாருபா! வாட்ச்மேனு முதலாளி கையப் புடிச்சிக்கினு சொல்றாரு, இருபது வருஷமா இந்த கேட்ல நிக்கிறேன், திருடன் வந்தது இன்னைக்குத்தான் மொத தபான்னு. சிரிச்சி சிரிச்சி வயிறு புண்ணாப் போச்சு."

"ஒத்துக்கணும்ணா, இது புதுசு" என்றான் அன்று விசிலடித்த ஃபிட்டர்.

குப்பன் டீ டம்ளரோடு திரும்பினார். "அது நான் சொன்னதுபா. நீங்க எல்லாம் அங்கதான இருந்தீங்க?"

ஆதிநாராயணன் பாசத்தோடுதான் சிரித்தார். "சொன்ன, சொன்ன. அவருதான ஒனக்குச் சொல்லிக் குடுத்துருப்பாரு? மேடைல இதெல்லாம் முன்னாடியே பேசி வெச்சிக்கினு செய்றதுதான். ஒனக்கு ஏது நைனா அவ்ளோ வாயி?"

ஃபிட்டர்கள் தலையாட்டினார்கள். வேலை போன கேட்டையும் எளாவூர் குடோனையும் காட்டிப் பேசலாம்தான்.  குப்பன் டம்ளரை வைத்துவிட்டு நடந்தார்.

வீட்டில் அங்காளம்மாள் அடுப்படியில் இருந்தாள். டி.வி. மேல் பழைய லுங்கி ஒன்று போர்த்தியிருந்தது. குப்பன் சட்டையைக் கழற்றாமலே நின்றார். கேட்காமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தார்.

"நேத்து அத பாத்தியா?"

"பாத்தேன்."

"சிரிச்சியா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊட்ல திருடன் பூந்தா யார்னா சிரிப்பாங்களாயா?"

அடுத்த ஞாயிறு பத்தரை மணிக்கும் டி.வி. மேல் லுங்கி கிடந்தது. குப்பன் குழாயடிக்குப் போகவில்லை.