ஐம்பத்து மூன்று சாண் வகுப்பறை

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூருக்குக் கிழக்கே ஒரு மாதாகோயில் ஊரின் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மொத்தம் இரண்டு அறைகள். நான்கு வகுப்புகள் அவற்றில் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தன. ஐந்தாம் வகுப்புக்கு ஒரு புங்கமரம். நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். நிழல் நகர நகரக் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவது என் பொறுப்பு. அந்த ஒரு வேலையில் மட்டும் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

திருச்சியில் நடந்த பயிற்சி ஒன்றில், பிள்ளைகளைப் பேச விட வேண்டும், தாங்களே செய்து பார்க்க விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. திரும்பி வந்ததும், பிள்ளைகளைப் பேச விடுவதன் அவசியம் பற்றிப் பிள்ளைகளிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். குறுக்கே பேசிய இருவரை எழுப்பி நிற்க வைத்தேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண். ஐந்தாம் வகுப்பில் அவளுக்கு அது இரண்டாம் வருடம். கழித்தல் வரவில்லை. ஐம்பத்து மூன்றில் இருபத்தேழு போனால் முப்பத்து நான்கு என்பாள். ஏழு கீழே இருந்தாலும் மூன்று மேலே இருந்தாலும், பெரியதிலிருந்துதான் சிறியதை எடுப்பாள். நியாயமான பெண். நான் அதே விளக்கத்தை இன்னும் உரத்த குரலில் சொல்லிப் பார்த்தேன். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் ஒன்பது மார்க் வாங்கினாள்.

அவளுடைய அம்மா வந்து மரத்துக்கு வெளியே வெயிலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்: "பொங்கல் கழிஞ்சதும் பருத்தி வெடிச்சிடும் சார். அதுக்குள்ள கணக்கு வந்தா வரட்டும். வரலன்னா எங்கூட கூட்டிட்டுப் போயிடறேன். சும்மா குந்த வெச்சி என்னாத்துக்கு?"

அந்த மாதம்தான் நார்வேயிலிருந்து பொட்டலம் வந்தது. வெளிநாடு போய்வந்த பங்குச் சாமியார் ஒருவர் எங்களுக்கு அங்கே ஒரு பள்ளியைச் சிநேகிதம் பிடித்துக் கொடுத்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம். பதில் எழுதுவது நான். என் ஆங்கிலம் புத்தகத்தில் படித்த ஆங்கிலம். 'தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம்' என்று பத்து வயதுக் குழந்தைகளுக்குத் தாலுகா ஆபீஸ் தோரணையில் எழுதுவேன்.

பொட்டலத்தில் நீலக் கம்பளி நூல் உருண்டை ஒன்று. எங்கள் வகுப்பறை இவ்வளவு நீளம், உங்களுடையதை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். மரத்தடி என்று தெரிந்தால் நாட்டின் மானம் என்னாவது? மூன்றாம் வகுப்பு அறையைச் சணலால் அளந்து வரும்படி பிள்ளைகளை அனுப்பினேன். அந்தப் பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அது நம்ம வகுப்பு இல்லியே சார்."

"நம்ம வகுப்பை எப்படிம்மா அளக்கிறது?"

"காலையில பெருசா இருக்கு, மத்தியானம் சிறுசாயிடுது. எதை அனுப்புறது?"

பயிற்சியில் இதற்கு விடை சொல்லியிருக்கவில்லை. தலைமையாசிரியையான சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். ரெண்டையும் அனுப்புங்க என்றார் அவர், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

மறுநாள் முதல் மணி அடித்ததும் நிழலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சணல் ஓடியது. அந்தப் பெண்ணின் சாணால் ஐம்பத்து மூன்று. நான் பாடம் நடத்தவே இல்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. பிள்ளைகள் நிழலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது ஊர்வது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் யாராவது ஒருவன் முட்டியில் வெயில் ஏறியிருக்கும். காற்று நின்றுவிட்டது. தூரத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று கனவில் போவதுபோல் சத்தமில்லாமல் போயிற்று. உச்சிப்பொழுதில் இன்னொரு சணலால் மறுபடி அளந்தார்கள். இருபத்தேழு.

அவள் அம்மா அப்போதுதான் வந்தாள், இடுப்பில் பருத்தி எடுக்கும் மடியைக் கட்டிக்கொண்டு. பொங்கல் கழிந்திருந்தது; மகளைக் கூட்டிப்போக வந்திருந்தாள். அந்தக் கணக்கைப் பலகையில் எழுதி, விடையையும் எழுத என் கை போயிற்று. நல்லவேளை, சுண்ணக்கட்டி ஒடிந்து கீழே விழுந்தது. நான் குனிந்து தேடிய நேரத்தில் அந்தப் பெண் இரண்டு சணலையும் தரையில் பக்கம் பக்கமாகப் போட்டுவிட்டாள். நுனியும் நுனியும் சேர்த்தாள். மிச்சம் நீட்டிக்கொண்டிருந்ததைச் சாண் சாணாக அளந்தாள். இருபத்தாறு. பலகையைப் பார்த்தாள். "முப்பத்து நாலுன்னுல்ல நெனச்சேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இன்னொரு தடவை அளந்தாள். இருபத்தாறேதான்.

பிறகு ஐம்பத்து மூன்று சாண் சணலில் ஒரு பத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஏழு சாணை எடுத்தாள். 'பத்தைக் கடன் வாங்கு' என்று ஒன்றரை வருடமாக நான் கத்திக்கொண்டிருந்தது அதுதான்.

அம்மா அங்கிருந்தே கேட்டாள்: "என்னா பாப்பா, என்னா அளக்குற?"

"நம்ம வகுப்பு எவ்வளவு காணாமப் போச்சுன்னு பாக்குறேம்மா."

"எவ்வளவாம்?"

"இருபத்தாறு சாணு. சாயங்காலம் வந்துடும்."

நிழல் கிழக்கே சாய்ந்து அம்மாவின் கால் விரல்களைத் தொட்டது. "பருத்தியை நானே எடுத்துக்குறேன் சார்" என்றாள். "இவ இருக்கட்டும்." மடியை இறுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.

எது காலை நிழல், எது மத்தியான நிழல் என்று விளக்கிய என் கடிதத்தோடு இரண்டு சணலும் கப்பலேறின. முழுப்பரீட்சைக்கு முன்பே பதில் வந்துவிட்டது. அங்கே வாரக்கணக்காகச் சூரியனைப் பார்க்கவில்லையாம். எங்கள் மத்தியானச் சணலைப் பனியில் வட்டமாகப் போட்டு அதற்குள் வகுப்பே நெருக்கிக்கொண்டு நின்று பார்த்ததாம். நிழல் நன்றாக இருந்தது, நன்றி என்று எழுதியிருந்தார்கள். நான் தமிழில் படித்துச் சொன்னேன்.

கடைசி வரிசையிலிருந்து அவள் கேட்டாள்: "வெயிலே இல்லாத ஊர்ல நெழலை வெச்சிக்கிட்டு என்ன சார் பண்ணுவாங்க?"

அவள் முட்டியில் வெயில் ஏறியிருந்தது. கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன்.