தடுப்புக் கதவும் ஐந்து கையெழுத்தும்

அட்டைப்பெட்டி ஆலையின் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் சார்பில் தம்பியைத் தேர்ந்தெடுத்த அன்று, அங்கேயே பெட்டி ஒட்டும் அக்கா அவனுக்கு ஒரு நீலச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். "மேனேஜருக்குச் சரிசமமா நாற்காலி போட்டு உட்காரப் போறான்" என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை கூட்டம். அதற்கொரு வழக்கம் உண்டு. கூட்டக் குறிப்பு இரண்டு நாள் முன்பே தட்டச்சாகி வந்துவிடும். போன மாதத் தாளில் தேதி மட்டும் மாறியிருக்கும். டீ ஆறுவதற்குள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதில் நான்காவது வரி: "மூன்றாம் வெட்டு இயந்திரத்தின் தடுப்புக் கதவு பழுது. கவனத்தில் உள்ளது." கதவைத் திறந்தால் இயந்திரம் நிற்க வேண்டும். நிற்காமல் ஓட, சுவிட்சைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். தம்பி ஐந்து மாதம் கையெழுத்துப் போட்டான்.

ஆறாவது கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த இயந்திரம் ஆபரேட்டரின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது.

சனிக்கிழமை தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்த தாளில் நான்காவது வரி வேறாக இருந்தது. அக்கா எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். கம்பி கட்டக் கூடாதென்று ஆபரேட்டரை மூன்று முறை எச்சரித்ததாம் குழு.

"இப்படி யாராவது சொன்னீங்களாடா?"

"இல்லக்கா. இதுல கையெழுத்துப் போட்டா அவருக்கு நஷ்டஈடு கிடையாது. போடலைன்னா எனக்கு வேலை கிடையாது."

"அஞ்சு மாசமா என்னடா பண்ணின அங்க?"

"டீ குடிச்சேன்."

போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை அவள். நீலச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினாள்.

திங்களன்று தம்பி மேனேஜரிடம், "கூட்டத்தை மூணாம் மெஷின்கிட்ட வெச்சுக்கலாம் சார்" என்றான்.

"அங்க ஏதுப்பா நாற்காலி?"

"நின்னுக்கிட்டே பேசுவோம் சார்."

குழுவிலிருந்த ஃபிட்டர் முதலில் எழுந்தார். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். பசைத் தூரிகையும் கையுமாக அக்கா பக்கத்து மேசையில் நின்றாள். கம்பி இன்னும் அப்படியே இருந்தது.

"அண்ணே, இதைக் கட்டினது யாரு?"

ஃபிட்டர் மேனேஜரைப் பார்த்தார். "கட்டச் சொன்னாங்க. கட்டினேன்."

தம்பி நான்காவது வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினான்: 'ஆபரேட்டரை யாரும் எச்சரிக்கவில்லை. கம்பி கட்டியிருப்பது குழுவுக்குத் தெரியும். யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள் என்று ஐந்து கூட்டத்திலும் நான் கேட்கவில்லை.' கையெழுத்துப் போட்டான்.

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிற."

"அந்த அஞ்சு மாசத் தாள்லயும் என் கையெழுத்து இருக்கே சார்."

ஃபிட்டர் பேனாவை வாங்கினார்.

பத்து நாளில் புதுக் கதவு வந்தது. அதற்கு முன்பே தம்பிக்கு வேலைநீக்கக் கடிதம் வந்துவிட்டது. "வேலை போச்சு. பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டான்" என்று அக்கா கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

தாளின் நகலோடு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆபரேட்டர் இடது கையால் வாங்கி, நிதானமாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்க. இதையே அஞ்சு மாசம் முன்னாடி எழுதியிருக்கலாமேப்பா."

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். தம்பி அதைத் தொடவில்லை.