ஆறாம் மாடி ஆட்கள் யாராவது உண்டா?

என் தம்பிக்கு வேன் ஓட்டுவதுதான் பிழைப்பு. கப்பலில் வந்து இறங்கும் சுற்றுலாக்காரர்களை மலை உச்சிக்கு ஏற்றிப் போய், கடலைக் காட்டி, சாயங்காலத்துக்குள் துறைமுக வாசலில் கொண்டுவந்து விடுவான். அதே வாசலில் நான் தொப்பி விற்கிறேன். கப்பல்காரர்களைப் பற்றி என்னிடம் கேட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். கப்பலிலேயே மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு இறங்குவார்கள், ஊரில் ஒரு காபி குடிக்க மாட்டார்கள். பத்துத் தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, பதினோராவதன் விலையைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். ஆனால் அவர்கள் வராமல் போனால் என்ன கதி என்பதையும் பார்த்தாகிவிட்டது.

நோய் பரவிய வருடம் ஒரு கப்பல்கூட எட்டிப் பார்க்கவில்லை. வேன் வீட்டு முன்னால் தூசி படிந்து நின்றது. தம்பி மனைவி அறை சுத்தம் செய்துகொண்டிருந்த ஓட்டலைப் பூட்டினார்கள், பூட்டியது பூட்டியதுதான். பிறகு உலகமே வீட்டை விட்டுக் கிளம்பியதுபோல் கூட்டம் வந்தது. கப்பல் கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராக ஆள் தேடி அலைந்தார்கள். கட்டில் விரித்துப் பழகிய கை என்று அவளை அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள்.

"ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்" என்றாள். இது மூன்றாவது தடவை. தெருவில் அவளுக்குக் கப்பல்காரி என்றே பேராகிவிட்டது.

அவள் போனதிலிருந்து என் தம்பி பாதி ஆள். எந்தக் கப்பல் எந்தக் கடலில் போகிறது என்று காட்டும் ஒரு படம் அவன் போனில் இருக்கிறது. நீலத்தில் ஒரு சின்னப் புள்ளி, அதுதான் அவள். சாப்பிடும்போதும் அதைத்தான் பார்ப்பான்.

"அக்கா, திரும்பிட்டா பாரு."

"கப்பல் திரும்புச்சுடா. அவ எங்கேயோ கக்கூஸ் கழுவிட்டு இருப்பா. நீ சோத்தைத் தின்னு."

சிரிப்பான். ஆனால் போனைக் கீழே வைக்க மாட்டான். அவளை நினைத்து அவன் ஏங்கிய ஏக்கத்தைப் பார்த்தால் எனக்கே யாரையாவது திட்ட வேண்டும்போல் இருக்கும். யாரைத் திட்டுவது என்றுதான் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புள்ளி எங்கள் ஊருக்கே வருகிறது என்று சேதி வந்தது. காலையில் வந்து மூன்று மணிக்குக் கிளம்பும் கப்பல். இவன் தலைகால் புரியாமல் ஆடினான். வேனைக் கழுவினான், தலைக்குச் சாயம் அடித்தான். இரண்டு நாள் முன்னால் அவள் கூப்பிட்டு, தன்னால் இறங்க முடியாது என்றாள். எந்தத் துறையில் நின்றாலும் தீ, கீ என்று ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள ஊழியர்களில் ஒரு பகுதி உள்ளேயே இருந்தாக வேண்டுமாம். முறைபோட்டு மாறி மாறி வரும் அந்தக் காவல், நம் ஊரில் நிற்கிற அன்றைக்குப் பார்த்து இவள் தலையில் விழுந்துவிட்டது.

"மூணு மணிக்கு வேலிகிட்ட வந்து நில்லுங்க. எப்படியாவது மேல வந்து கை காட்டறேன்" என்றாளாம்.

மூன்று மணி வரை இவன் என்ன செய்வான்? அங்கேதான் புத்தி கோணலாகப் போனது. அவளைப் பார்க்க முடியாவிட்டால் அவளைப் பார்த்தவர்களையாவது பார்க்கலாம் என்று, அந்தக் கப்பல் ஆட்களையே ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினான். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஆறாம் மாடியா, ஆறாம் மாடியா என்று கேட்டான். அவள் சுத்தம் செய்வது ஆறாம் மாடி அறைகளை.

"கிறுக்கு முத்திடுச்சா உனக்கு?" என்றேன்.

"காலையில அவ மூஞ்சியப் பார்த்தவங்கக்கா. ஒரு மணிக்கெல்லாம் திரும்பிடுவேன்" என்றான்.

அவன் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஊழியர்கள் வரும் பக்கத்துக் கதவு வழியாகத் தோளில் ஒரு பையோடு கப்பல்காரி வெளியே வருகிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறொரு பெண் கடைசி நேரத்தில் தன் முறையை மாற்றிக்கொடுத்தாளாம். அதற்குப் பதிலாக இவள் அடுத்த நான்கு ஊர்களில் இறங்கக் கூடாது.

"மெசேஜ் போட்டேனே அண்ணி. அவரு எங்க?"

"மலைக்குப் போயிருக்கான். உன் ஆளுங்களைத்தான் கூட்டிட்டுப் போயிருக்கான்."

அவள் சிரித்தாள். பிறகு மலையில் சிக்னல் கிடையாது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. இரண்டரைக்கு அவள் கப்பலில் இருக்க வேண்டும்.

கடையைத் துணி போட்டு மூடிவிட்டு அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அன்று இரண்டு கப்பல் ஒன்றாக வந்திருந்தது. மலைப் பாதையோ ஒரு பஸ் போனால் மற்றது ஒதுங்கி நிற்கிற பாதை. அதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் இதே ஊர்க்காரிதான், தெரியாமலா இருக்கும்?

வீட்டுக்குள் போனதும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கப்பலில் இவர்கள் தூங்குகிற அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயாம், ஜன்னலே கிடையாதாம். கொடியில் கிடந்த அவன் சட்டையை எடுத்தாள், நான் பார்க்கிறேன் என்று மடிப்பதுபோல் மடித்தாள். காபி கொடுத்தேன், பாதி குடித்தாள். வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்தாள். பிறகு கட்டிலில் கிடந்த கசங்கிய விரிப்பை உருவிப் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து வெளுத்த விரிப்பை எடுத்து விரிக்க ஆரம்பித்தாள்.

"இங்கேயும் வந்து இதே வேலையா? விடும்மா."

"கை சும்மா இருக்க மாட்டேங்குது அண்ணி."

மெத்தையின் மூலையைத் தூக்கி, விரிப்பை மடித்துச் செருகி, உள்ளங்கையால் நீவினாள். ஒரு சுருக்கம் இல்லை. ஊர் உலகத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தினமும் விரிக்கிற கை அது. தலையணையைத் தட்டி வைத்துவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பத்து நிமிஷம் சாஞ்சுக்கயேன்" என்றேன்.

"படுத்தா எந்திரிக்க மாட்டேன் அண்ணி" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

மலையில் நடந்ததை அவன் பிறகு சொன்னான். ஆறாம் மாடிக்காரர்களாக ஒரு வயதான ஜோடி கிடைத்திருக்கிறது. உச்சியில் இறங்கி நிற்கும்போது போனில் இருந்த அவள் படத்தைக் காட்டியிருக்கிறான். அந்தம்மாள் படத்தைப் பார்த்ததும், இவள் இன்றைக்கு வீட்டுக்குப் போகிறாளே, காலையில் அறைக்கு வந்தபோது எங்களிடம் சொன்னாளே என்றிருக்கிறார். இவன் ஓடிப்போய் எல்லோரையும் வேனில் ஏற்றப் பார்த்தான். மூன்று பேர் படம் எடுத்து முடிக்கவில்லை, ஒருவர் கழிவறை வரிசையில் நின்றார். கிளம்பினால் முன்னால் பஸ், பின்னால் பஸ். வேனை நடுரோட்டில் விட்டுவிட்டு இறங்கி ஓடலாமா என்று நினைத்தானாம். பின்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஓடவில்லை.

அவன் துறைமுக வாசலுக்கு வந்தபோது மணி இரண்டரை தாண்டியிருந்தது, அவள் உள்ளே போய்விட்டாள். அவனைப் பார்த்ததும் இல்லை என்று தலையை ஆட்டினேன். வேனில் வந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, கப்பல் அட்டையைக் காட்டி, அவள் இருக்கிற இடத்துக்கு நடந்து போனார்கள். அந்தம்மாள் மட்டும் நின்று, அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கேட்டால் புரிந்துகொள்வானே தவிர, என் தம்பிக்குப் பேச வரும் இங்கிலீஷ் எல்லாம் போட்டோ, டாய்லெட், பத்து நிமிஷம் என்பதுதான். திணறிப்போய், தினமும் சொல்லிப் பழகியதையே சொன்னான்.

"தேங்க்யூ. விசிட் அகெய்ன்."

மூன்று மணிக்கு வேலியோரம் நின்றோம். மேல்தளம் முழுக்கச் சுற்றுலாக்காரர்கள் கை காட்டினார்கள். அவளுக்கு மேலே வர அனுமதி கிடைக்கவில்லை போலிருக்கிறது. இவன் எல்லோருக்கும் பொதுவாகக் கை காட்டிக்கொண்டே இருந்தான்.

ஒரு வாரம் கழித்து அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவள் போனில், ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா வந்து சொன்னாங்க, மறுபடி வரச் சொன்னீங்களாமே" என்று சிரித்தாள். பிறகு, "கட்டில் எப்படி இருக்கு? நல்லாத் தூங்குறீங்களா?" என்றாள்.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன்."

"எந்தப் பக்கம் படுக்குறீங்க?"

"உன் பக்கந்தான்."

அவன் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தான். சுருட்டிய துண்டுதான் தலையணை. பக்கத்தில் கட்டில் அவள் விரித்துவிட்டுப் போனபடியே, ஒரு கை படாமல் கிடந்தது. நான் வாயைத் திறப்பதைப் பார்த்து, பேசாதே என்று கண்ணால் கெஞ்சினான். சாப்பாட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, நானும் தரையிலேயே உட்கார்ந்தேன்.