பற்றும், பற்றாது

மலையாளம் பேசுகிற ஊரில், சாலைக் கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்கு ஆணி, கீல், பூட்டு விற்கிற கடை. தொண்ணூறுகளின் நடுவில் வாடிக்கையாளர் ஒருவர் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார். சாமான் கொண்டுபோன இடத்தில், இடிக்கிற வீட்டு முற்றத்தில், பாதி நனைந்த நிலையில் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் கிடந்தது. பக்கத்தில் அட்டைப்பெட்டியில் பதினொரு ஸ்பூல்கள். நான் பார்க்கிற பார்வையை அவர் கவனித்திருக்க வேண்டும். "எடுத்தோண்டு பொய்க்கோ, சல்லியம் ஒழியட்டே" என்றார்; கொண்டுபோ, தொல்லை ஒழியட்டும் என்று. ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஊரே கேசட்டை விட்டு சி.டி.க்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் மட்டும் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தேன்.

ரெக்கார்டரைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆனது. அதற்குள் பைத்தியம் ரெக்கார்டரிலிருந்து டேப்புக்கு மாறிவிட்டது. வளைகுடாவுக்குப் போய்வந்தவர்கள் வீட்டுப் பரண்களில் இந்த ஸ்பூல்கள் தூங்கிக்கொண்டிருந்தன. பழைய வீடு இடிக்கிறவர்கள் எல்லாரும் புதுக் கீல் வாங்க வந்துதானே ஆகவேண்டும்? கீல் எடுத்துக் கொடுக்கும்போதே பரணில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுவேன். இரண்டு வருடத்தில் இருநூறுக்கு மேல் சேர்ந்தது. கம்பெனிகளின் பெயரை எழுதப்போவதில்லை. இந்தக் கிறுக்கு உள்ளவர்கள் தங்கள் கம்பெனியைக் குறைத்துச் சொன்னால் வீடு தேடி வந்து சண்டை போடுவார்கள். நான் அவற்றைப் பெட்டியின் நிறத்தை வைத்தே அழைத்தேன்: பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி, சாம்பல் பெட்டி.

ஒப்பிடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். ஒவ்வொரு டேப்பிலும் வெறுமையாக இருக்கிற நுனியில் ஒரே சத்தத்தைப் பதிவு செய்வேன். ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவேன். பிறகு சாவிக்கொத்தைக் குலுக்குவேன். கடைசியாகத் தகரத் தட்டில் ஒரு கை ஒரு அங்குல ஆணியைக் கொட்டுவேன். சாவியின் கிணுகிணுப்பு எந்த டேப்பில் மழுங்குகிறது, ஆணிச் சத்தம் எதில் கரகரக்கிறது என்று கேட்டு நோட்டில் எழுதுவேன். என் மனைவி சமையலறையிலிருந்து கேட்பாள்: "பகல் பூரா ஆணி விக்கது போதாதா, வீட்டுல வந்து ஆணிச் சத்தமும் கேக்கணுமா?" நான் ஹெட்போன் மாட்டியிருப்பதாகக் காட்டிக்கொள்வேன்.

மிகப் பழைய டேப்புகளை வெளிச்சத்துக்குப் பிடித்தால் சுருளின் ஊடே பழுப்பாக ஒளி தெரியும். வினிகர் வாடை வீசும். இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். ஆனால் நேராக அறும், ஒட்டிவிடலாம். அடுத்து வந்தவை அறாது, ரப்பர் மாதிரி நீண்டுகொடுத்துக் குரலையும் நீட்டிவிடும். சாம்பல் பெட்டி ஜெர்மன் சரக்கு. சத்தம் சுமார்தான், ஆனால் எத்தனை மழைக்காலம் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எல்லாவற்றிலும் அழகாகச் சாவியைக் குலுக்கிக் காட்டியது முதுகு கறுத்த ஒரு அமெரிக்க டேப். நோட்டில் அதற்கு முதல் இடம் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்துத்தான் அதன் குணம் தெரிந்தது.

நம்மூர் ஈரம் அதற்கு ஆகாது. டேப்பின் மேல் காந்தத்தூளைப் பிடித்துவைக்கிற பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால், டேப்பிலிருந்து சத்தத்தை எடுக்கிற ஹெட்டில் ஒட்டி, கீச்சென்று கத்தும். கத்துகிறபோதே தூள் உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அந்தத் தூள்தான் சத்தம். உரிந்தது உரிந்ததுதான்.

கிழக்கேகோட்டையில் ரேடியோ பழுது பார்க்கிற நண்பர் ஒருவர் இருந்தார். மலையாளி, என் வயதுக்காரர். அவரிடம் கறுப்பு முதுகு டேப்பைக் காட்டி "இது ஒட்டும்" என்றேன். அவர் நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு, "ஒட்டும்... எந்தா? ஒட்டும் கொள்ளில்லே?" என்றார். மலையாளத்தில் ஒட்டும் என்றால் 'கொஞ்சங்கூட'. பின்னால் ஓர் 'இல்லை' வர வேண்டும்; கொஞ்சங்கூட நன்றாக இல்லையா என்று கேட்கிறார். இரண்டு பேரும் சிரித்தோம். இந்த ஊரில் தமிழனாக இருப்பவனுக்கு இது தினப்படி விவகாரம். குழப்பமே வேண்டாம் என்று நோட்டில் வேறு சொல்லைப் பிடித்தேன். சோறு பானையில் அடிபிடித்தால் எங்கள் வீட்டில் 'அடி பற்றிப்போச்சு' என்போம். டேப்பும் ஹெட்டில் அப்படித்தானே பற்றுகிறது? கெட்டுப்போகிற ஜாதிக்குப் பெட்டியின் மேல் 'பற்றும்' என்று எழுதி ஒட்டினேன். நல்ல ஜாதிக்கு 'பற்றாது'. என் புத்திசாலித்தனத்தில் எனக்கே மிகவும் பெருமையாக இருந்தது.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் விதுரைக்காரி, பொன்முடிக்குப் போகிற வழியிலுள்ள சந்தை ஊர் அது. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு காலண்டரையும் வாரப் பத்திரிகையையும் பார்த்து எழுத்துக்கூட்டிப் பழகிக்கொண்டாள். அவளுக்கு மூன்று வயதாகும்போது அவள் அப்பா வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். திரும்பி வரவில்லை, அங்கேயே ஒரு விபத்தில் இறந்துபோனார். இறப்பதற்குச் சில மாதம் முன்பு, முதலாளி வீட்டு ரெக்கார்டரில் பேசி, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு ஸ்பூலைக் கொடுத்தனுப்பியிருந்தார். விதுரையில் அதைப் போட்டுக் கேட்க யாரிடமும் மெஷின் இல்லை. அவர் போன பிறகு என் மாமியாருக்கு அதைக் கேட்கிற தைரியமும் இல்லை. பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, கல்யாணச் சீரோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று என் மனைவிக்குத் தெரியாது. அவர் பேசிய ஒரு சொல்கூட அவள் நினைவில் இல்லை.

நான் ரெக்கார்டரைக் கொண்டுவந்த அன்று அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆணிச் சத்தத்தைக் கிண்டல் செய்தாளே தவிர, ஒருநாளும் போதும் நிறுத்துங்கள் என்று சொன்னதில்லை. மாதத்துக்கு ஒருமுறை கேட்பாள்.

"அப்பா டேப்பு கேக்கப் பற்றுமா?"

வரப் பற்றுமா, தரப் பற்றுமா என்று இந்த ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். முடியுமா என்று அர்த்தம். மலையாளம் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட சொல். நான் "பார்க்கலாம்" என்பேன்.

பார்க்கலாம் என்று நான் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் அப்பாவின் டேப்பும் கறுப்பு முதுகு. அந்த ஜாதிக்கு ஒரு வைத்தியம் உண்டு என்று சென்னையிலுள்ள ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்தால் ஈரம் போய், சில வாரங்களுக்கு டேப் ஒழுங்காக ஓடும். அதற்குள் வேறு டேப்பில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். மரப்பெட்டிக்குள் பல்பு மாட்டி, தெர்மாமீட்டர் செருகி, நானே ஒரு அடுப்பு செய்தேன். முதல் டேப் சூடு கூடி வளைந்துபோனது. இரண்டாவதுக்கு நடுவில் கரண்ட் போய்விட்டது. அதற்குப் பிறகு ஆறு டேப்புகள் வரிசையாக நன்றாக வந்தன.

ஆறு வந்த பிறகும் நான் அவளுடையதை எடுக்கவில்லை. பத்து ஆகட்டும் என்றேன். ஏன் பத்து என்று இன்றைக்குக் கேட்டால், பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சாவிக்கொத்தைக் குலுக்கிக் குலுக்கி நோட்டு எழுதுவதில் இருந்த ருசிதான் பெரிய காரணம். மாமனார் குரலைக் கேட்டு முடித்துவிட்டால் இந்தக் கிறுக்குக்கு வீட்டில் ஒரு மரியாதை இல்லாமல் போய்விடுமோ என்றுகூட உள்ளுக்குள் நினைத்திருக்கலாம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பத்தும் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டேப்பை வெளியே எடுத்தேன். நுனியில் இரண்டு விரற்கடை மட்டும் விரலால் தடவிப் பார்த்தேன். பிசுக்கு இருந்தது. மற்றவற்றுக்குச் செய்வது போலவே ஒரு சீட்டில் 'பற்றும்' என்று எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டி, ரெக்கார்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்து சூட்டுக்குப் போகவேண்டிய வரிசை அது. அவள் துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமை கடையிலிருந்து வந்தேன். கதவைத் திறந்தவள் முகம் கழுவியிருந்தாள். அறைக்குள் போனதும் ரெக்கார்டர் ஹெட்டைத்தான் பார்த்தேன். காப்பிக் கறை போல் பழுப்புப் பிசுக்கு. கீழே தட்டில் தூள். நான் ஹெட் துடைக்கிற ஸ்பிரிட் பாட்டில் திறந்திருந்தது; பக்கத்தில் பழுப்பான பஞ்சு உருண்டைகள். வலதுபக்கச் சுருளில் அவள் அப்பாவின் டேப் தூள் உரிந்து வரி வரியாகக் கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும்.

"என்ன காரியம் செஞ்சு வச்சிருக்க? எத்தன டேப்ப நான் கெடுத்திருப்பேன், இத ஒண்ணக் காப்பாத்த? உனக்குப் படிக்கத் தெரியாதா? மேல எழுதி ஒட்டியிருக்கேனே!"

"படிச்சிட்டுத்தான் போட்டேன்."

"என்ன எழுதியிருக்கு?"

"பற்றும்னு."

அவள் அதைச் சொன்ன விதத்தில் 'ற்ற' மலையாளமாக இருந்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தேன். அவள் காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"மாசாமாசம் நான் கேக்கேன், பற்றுமா பற்றுமான்னு. நீங்க வாயால ஒண்ணும் சொல்லுற ஆளில்ல. சரி, எழுதி வச்சிட்டாரு, பற்றும்னு, அப்படின்னுதான் நெனச்சேன். அலமாரியில முக்காவாசிப் பெட்டியில பற்றாது பற்றாதுன்னு எழுதியிருக்கு. கெட்டுப்போனதையே இத்தன அடுக்கி வச்சிருக்காரேன்னு எனக்கு அப்பப்ப சங்கடமா இருக்கும். அப்பா டேப்புல பற்றும். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். கடையில் ஒரு நாளைக்கு நூறு தடவை நானே சொல்லுகிற சொல் அது. 'நாளைக்குத் தரான் பற்றும்', 'இன்னைக்குப் பற்றில்லா.' வாயில் ஒன்று, கையெழுத்தில் ஒன்று என்று அதை இரண்டு அறையில் வைத்திருந்தேன். நடுவில் கதவு இருப்பதே எனக்குத் தெரியவில்லை. நண்பர் ஒருவருக்குப் புரியாது என்று 'ஒட்டும்' என்ற சொல்லை மாற்றத் தெரிந்தவனுக்கு, பக்கத்து அறையில் துணி மடிக்கிறவளுக்கு ஒரு வரி சொல்லத் தெரியவில்லை. சுடவைத்தால்தான் கேட்கலாம், ஞாயிற்றுக்கிழமை வரை பொறு என்று சொல்லியிருந்தால் போதும்.

அடுத்த நாலு நாள் நான் அந்த டேப்போடு மல்லுக்கட்டினேன். பல்புப் பெட்டியில் வைத்து, மெதுவாகச் சூடாக்கி, ஆறவிட்டு ஓட்டினேன். பிசுக்கு போயிருந்தது, டேப் வழுவழுவென்று ஓடியது. சத்தம்தான் இல்லை. ஒரு இடத்தில் இருமல் போல ஒன்று. இன்னொரு இடத்தில் 'மழை' என்ற சொல்லின் பாதி. நகலெடுக்கத் தயாராக வைத்திருந்த சாம்பல் பெட்டி டேப்பில் அந்த இரண்டையும் எடுத்தேன். மொத்தம் மூன்று வினாடி. அவளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டாள். "ஆமா, மழை பெய்யுதான்னு அம்மாட்ட கேப்பாரு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாலு நாளும் நான் அவளிடம் எந்த வேகத்தில் ஓட்டினாய், எத்தனை தடவை நிறுத்தினாய், ஹெட்டைத் துடைத்தாயா என்று மட்டுமே கேட்டிருக்கிறேன். அவர் என்ன பேசினார் என்று கேட்கவே இல்லை.

கேட்டேன். ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"முதல்ல எல்லாம் அம்மாட்ட பேசுனாரு. மழை, பலாமரம், யாருக்கோ கல்யாணம். குரல் கொஞ்சம் கீச்சலா இருந்துச்சு. டேப்பு கத்துச்சா, அவரு குரலே அப்படியான்னு தெரியல. நடுவுல நின்னு நின்னு போச்சு. நீங்க செய்யுற மாதிரி ஸ்பிரிட்டு தொட்டுத் துடச்சுத் துடச்சுப் போட்டேன். பிறகு என்னக் கூப்பிட்டாரு, எங்க ஊர்ல பிள்ளைகளக் கூப்பிடுற மாதிரி. 'மக்களே, அப்பா பேசுறது கேக்குதா?'ன்னாரு. கேட்டுட்டுப் பேசாம இருந்தாரு. எனக்கு ஏன்னு புரியல. டேப்பு முடிஞ்சிட்டுதுன்னு நெனச்சேன். திரும்பவும் 'கேக்குதா மக்களே?'ன்னாரு. திரும்பவும் சும்மா இருந்தாரு. அப்பத்தான் தெரிஞ்சுது, போன்ல பேசுற மாதிரி எனக்கு எடம் விட்டுட்டு இருக்காரு. கேக்குதுப்பான்னேன். மூணாவது தடவ கேட்டாரு. அதுக்கும் சொன்னேன். பிறகு நல்லா சாப்பிடு, அம்மாவ அழவைக்காதன்னு சொல்லி முடிச்சாரு."

அவள் மடியிலிருந்த ஹெட்போனை வாங்கி வயரைச் சுற்றினேன்.

"முதல் தடவ கேட்டதுக்கு மட்டும் நான் பதில் சொல்லலேல்லா? அது மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அத மட்டும் சொல்லிருவோம்னு பின்னால ஓட்டி மறுபடி போட்டேன்" என்றாள். "அங்க ஒண்ணுமே இல்ல."