இருபதாவது பிரசவம்

நான் பொய் சொன்னேன். கூப்பிடாமலே கூப்பிட்டதாகச் சொன்னேன். அந்த ஒரு பொய்யால் சரோஜா நர்ஸ் ஆகவில்லை. வாய் தவறிச் சொன்னதல்ல... தெரிந்தே, ஆசைப்பட்டுச் சொன்னேன்!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நாங்கள் இருவரும் துணை நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தோம். சரோஜா பட்டுத்தறிக்காரர் வீட்டுப் பெண். நான் திருப்புட்குழியிலிருந்து வந்தவள். பரீட்சை எழுத வேண்டுமென்றால் ஆளுக்கு இருபது பிரசவம் சொந்தக் கையால் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கேஸ் புத்தகத்தில் எழுதி, சிஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பத்தொன்பது போதாது. அதனால் பிரசவ வார்டில் முறை வைத்திருந்தார்கள். யார் முறையோ அவள் கூப்பிட்டும் வராவிட்டால்தான் இன்னொருத்தி கை வைக்கலாம்.

எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரே வருடத்தில் புருஷன் என்னைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். தாலியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் பயிற்சிக்கு வந்தேன். இது அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும். நானே அழுதுகொண்டு சொன்ன ஒருத்தி... சரோஜா.

அவள் அதை எங்கே போட்டு உடைத்தாள் தெரியுமா? பிரசவ வார்டில்! அன்று என் முறை. வலியில் துடித்த மருமகளின் தலைமாட்டில் நின்ற மாமியார், "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாமா?" என்று சும்மாதான் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் சரோஜா சிரித்தாள்.

"ஆச்சு ஆச்சு. வூட்டுக்காரன் தொரத்திட்டான். வாழாவெட்டியா இங்க வந்து குந்திக்கினு இருக்குது."

அந்த மாமியார் என் கையைத் தட்டிவிட்டாள். "வாழாவெட்டி கை எங்க வூட்டுக் கொழந்த மேல படக் கூடாது. வேற யாருனா வாங்கமா!"

சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. சரோஜாவை உள்ளே விட்டார்கள். என் கணக்கில் வர வேண்டிய பிரசவம் அவள் புத்தகத்தில் ஏறியது. அன்றிலிருந்து வார்டு முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

"வெளாட்டுக்குச் சொன்னேன்பா" என்றாள் சாயங்காலம். விளையாட்டாம்! நான் சண்டை போடவில்லை. எப்போதும் போல அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். காத்திருந்தேன்... நான்கு மாதம்!

கேஸ் புத்தகம் ஒப்படைக்கும் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு இருபதும் முடிந்திருந்தது. சரோஜாவுக்குப் பத்தொன்பது. முறையும் அவளுடையதுதான்.

"மரகதம், தலைக்கு ஊத்திக்கினு வந்துர்றேன். யாருனா வந்தா ஒரு கொரல் குடுமா. இன்னிக்கு இது கெடைக்கலன்னா எங்கப்பா என்னைத் தறியில ஒக்கார வெச்சிடுவாரு."

"போய்ட்டு வா" என்றேன்.

அவள் போன சற்று நேரத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது பிரசவம், குழந்தையின் தலை தெரிய ஆரம்பித்துவிட்டது. "ஓடு, சரோஜாவைக் கூப்பிடு" என்றார் சிஸ்டர்.

ஓடினேன். குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்றேன். உள்ளே அவள் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஏதோ பாட்டு வேறு. கதவைத் தட்டக் கையை ஓங்கினேன்... தட்டவில்லை. ஏன் தட்ட வேண்டும்? எனக்காக அன்று யார் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்?

திரும்பிப் போய், "கூப்ட்டேன் சிஸ்டர், பதிலே இல்ல" என்றேன்.

குழந்தை என் கையில்தான் பிறந்தது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சரோஜா ஓடிவந்தபோது நான் தொப்புள் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். என் வயிறு குளிர்ந்தது!

"கதவத் தட்னேனே சரோஜா... காதுல வுழலயா?"

அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். அன்று மாலைவரை வேறு யாரும் வலியோடு வரவில்லை. அடுத்த பரீட்சைக்கு உட்காரலாமே என்று சிஸ்டர் அவள் அப்பாவிடம் மன்றாடினார். "ஒரு தடவைதான்னு சொல்லித்தான் அனுப்பினேன்" என்று அவர் மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். நான் பாஸ் செய்தேன்.

சில வருடங்கள் கழித்து மாகறல் பிரசவ விடுதியில் எனக்கு வேலை. ஒரு நாள் காலையில் வலியோடு வந்து இறங்கினாள் சரோஜா!

"நீ இருக்கறன்னு கேட்டுக்கினுதான் இங்க வந்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலி சற்று விட்டபோது மெல்லச் சொன்னாள்: "உன்னை அன்னிக்கு வாழாவெட்டின்னு சொன்னேனே... அதுக்குத்தான் சாமி என் காத அடைச்சிடுச்சி. இல்ல மரகதம்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொல்ல வாய் துடித்தது. மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல... 'சாமி இல்லையடி, நான்!' என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லத்தான்! நான் செய்ததைச் சாமி செய்ததாகச் சொல்கிறாளே என்று எனக்கு வயிறெரிந்தது. நான் என்ன பிறவி?

"ஆமா சரோஜா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். "முக்கு."

தாயும் பிள்ளையும் நலமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இன்றும் கோயிலில் அவளைப் பார்க்கிறேன். என்னை அன்று அப்படிச் சொன்னதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்... அவள் கேட்டு முடிக்கும்வரை.