முன்வரிசையில் உட்கார்ந்த அதிகாரி

கவுஸ் சார் இறந்த செய்தியைப் போளூர் பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டர் சொன்னார். வாணியம்பாடியிலிருந்து வந்த வண்டி அது. "நம்ம ஒன்றியத்துல இருந்தாரே கவுஸ் சார், நேத்து காலைல மவுத்தாயிட்டார்ங்க. சாயங்காலமே அடக்கம் ஆயிடிச்சி" என்றார். பிறகு இன்னொருவருக்குச் சீட்டுக் கிழிக்கத் திரும்பிவிட்டார். நான் சந்தைக்குப் போய் அன்றைய புளி விலையைக் கேட்டு எழுதி, என் பத்திரிகைக்குப் போகும் செய்தி உறையை ரயிலில் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். தோன்றவில்லை. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. அவரை அறிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நடந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

போளூருக்கு மேற்கே உள்ள மலையில் ஊராட்சி ஒன்றியம் வந்த புதிதில் சமூகக் கல்வி அலுவலராக வந்தவர் முகமது கவுஸ். முதியோர் பள்ளி, ஊர் ரேடியோ, விழாக்களில் கலை நிகழ்ச்சி எல்லாம் அவர் பொறுப்பு. அதுவரை திருவிழா என்றால் வேலூரிலிருந்து ஒரு பிரசார நாடகக் குழுவை வரவழைப்பது வழக்கம். மலைக்காரர்கள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். கவுஸ் சார் அந்தப் பணத்தை வேங்கைமரத்தூர்க் கூத்துக் குழுவுக்குக் கொடுக்கலாம் என்றார். நடுவில் எருக்குழியைப் பற்றியும் அம்மை ஊசியைப் பற்றியும் கட்டியக்காரன் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒன்றியக் குழு ஒப்புக்கொண்டது.

கட்டியக்காரன் என்பவன் கதைக்கு நடுவே புகுந்து ராஜாவையும் கேலி பேசலாம், எதிரே உட்கார்ந்திருப்பவனையும் கேலி பேசலாம். அந்தக் குழுவில் கட்டியக்காரர் சடையன், சாமை விதைக்கும் குடியானவர். முதல் வருஷம் அவர் எருக்குழியைச் சரியாகவே ஆரம்பித்தார். "குழி வெட்டி எருவைப் போடணுமாம், ஒன்றியத்துல சொல்றாங்க. மலை ரோட்டுல அவங்களே ஊருக்கு ஊரு வெட்டி வெச்சிக்கீறாங்க. அதுல எந்தக் குழியில போடறதுன்னு மட்டும் சொல்லிட்டா தேவலை." கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. நாற்காலியில் இருந்த ஒன்றியப் பெருந்தலைவர் சிரிக்கவில்லை.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். "நம்ம துட்டை வாங்கிக்கினு நம்மளையே நாறடிக்கிறான். இதுக்கு ஒரு அலுவலர் வேற" என்றார் ஓர் உறுப்பினர். கவுஸ் சார் எழுந்து, "துட்டு கூத்துக்குக் குடுத்தோம்ங்க. வாயை வெலைக்கு வாங்கல" என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. இனி கட்டியக்காரன் பேசப்போவதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், நிகழ்ச்சி திருப்தி என்று சான்று வந்த பிறகே பணம் என்று தீர்மானம் ஆயிற்று.

இரண்டாம் வருஷம் சடையன் வந்தார். எருக்குழியைச் சொன்னார், ஊசியைச் சொன்னார், பெருந்தலைவர் வாழ்க என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் சத்தமாகவே, "இன்னாடா, ரேடியோவுக்கு வேசம் கட்டி வுட்டுட்டாங்களா?" என்று கேட்டார். கூத்து கலைந்ததும் கவுஸ் சார் அரிதாரம் கலைக்கும் இடத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"இன்னாங்க சடையன், வாய் எங்க போச்சு?"

"வாய் இங்கதான் கீது சார். தட்டுதான் பின்னால வருது."

கவுஸ் சாருக்குப் புரியவில்லை. சடையன் விளக்கினார். ஊர் கூத்து வைத்தால் விளக்கேற்றுவதற்கு முன்பே, எல்லோரும் பார்க்க, வெற்றிலை பாக்கோடு பணத்தையும் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். "வாங்கி மடியில முடிஞ்சிட்டன்னா அப்பால ஊர்க்கவுண்டரையே திட்டுவேன். அவரும் கேட்டுக்கினுதான் குந்தணும். உங்க துட்டு நான் பேசினப்புறம் வருது. எனுக்குப் பின்னால ஆறு வூட்டு அடுப்பு கீது சார்."

 ஜீப் வரை நடந்து வந்த பிறகு கவுஸ் சார், "அவன் வாயை மூடினது யாருமில்ல, நம்ம தட்டுதான்" என்றார்.

மூன்றாம் வருஷம் அவர் அந்தத் தொகையைத் தன் பெயரில் முன்பணமாக எடுத்தார். தணிக்கையில் செலவைத் தள்ளினால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று மேலாளர் எச்சரித்தார். கவுஸ் சார் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ வரவழைத்தார். என்ன பேசப்போகிறார் என்று சடையனிடம் முன்கூட்டிக் கேட்கவும் இல்லை. விளக்கேற்றுவதற்கு முன் ஊர் பார்க்கத் தட்டை நீட்டினார். "குடுத்தாச்சுங்க. இனிமே கேக்கறதுதான் எங்க வேலை" என்றார். பிறகு பெருந்தலைவர் பக்கத்தில் தனக்குப் போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டு, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தார்.

சடையன் முதலில் அவரைத்தான் பிடித்துக்கொண்டார். அப்போது ஊர் ரேடியோ பல மாதங்களாகப் பழுதாகிக் கிடந்தது; பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கவுஸ் சார் வைத்திருந்தார். "பேசற ரேடியோவுக்குப் பூட்டுப் போட்டாலும் ஒரு நாயம் கீது. ஊமை ரேடியோவுக்கு எதுக்கு சார் பூட்டு? எங்க நம்மளப் பத்திப் பேசிடப் போவுதோன்னு பயமா?" கூட்டம் கவுஸ் சாரையே பார்த்தது. அவர் முகம் சிவந்து போயிற்று. எழுந்திருக்கவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்துப் பெருந்தலைவரின் முறை வந்தது. தன் அலுவலர் தரையில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டதைப் பார்த்த பிறகு அவராலும் எழுந்து போக முடியவில்லை. கடைசியில் அவரும் சிரித்தார் என்பதை நான் அப்போதே செய்தியில் எழுதினேன்.

தணிக்கை தள்ளியது. சம்பளத்தில் பிடித்தார்கள். அதைப் பற்றி ஒரு முறை கேட்டேன். "மழைல போனா நனையறதுதான். அதுல இன்னா செய்தி கீது உங்களுக்கு?" என்றார். ரேடியோ பழுது பார்க்கப்பட்டது. தட்டை முன்னால் கொடுப்பதற்கு ஒன்றியம் பிறகு தானே தீர்மானம் போட்டுக்கொண்டது. அதற்குள் அவரை வேறு ஒன்றியத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

செய்தி கேட்ட மறுநாள் மலைக்குப் பஸ் ஏறினேன். சடையன் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். முறத்தைத் தாழ்த்தினார்.

"போன வருசமும் வந்து அதே எடத்துல குந்தினார் சார். வேற ஒன்றியத்துக்காரரை நான் இன்னாத்துக்குத் திட்டணும்னு கேட்டேன். திட்டுய்யா, வுட்டா பழக்கம் போய்டும்னார்."

மறுபடி தூற்ற ஆரம்பித்தார். காற்று நின்றிருந்தது, உமி அவர் காலடியிலேயே விழுந்தது. நான் கிளம்பும்போது கேட்டார்: "இந்த வருசம் முன்னால யார் குந்துவாங்க? மொதல்ல ஒருத்தரைத் திட்டினாதான் சார் மத்தவங்க தாங்குவாங்க."

கவுஸ் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது தரையில் அந்த ஓர் ஆள் இடம்தான். நான் வருகிறேன் என்று சடையனிடம் சொன்னேன்.

"பேப்பர்காரரைத் திட்ட நெறைய கீது" என்றார்.

"தெரியும்" என்றேன்.