பாலுசாமி அடைவைத்த பெட்டி

9-11-1995 – தேயிலைப் பெட்டி ஒன்று – ரூ. 25.00
9-11-1995 – நாற்பது வாட் பல்பு இரண்டு, ஹோல்டர், வயர் – ரூ. 48.50
10-11-1995 – தெர்மோஸ்டாட் – ரூ. 140.00
10-11-1995 – தெர்மாமீட்டர் – ரூ. 35.00
4-12-1995 – போஸ்ட் கார்டு ஒன்று – ரூ. 0.15
ஆக மொத்தம் – ரூ. 248.65

காரமடை கண்டக்டர் பாலுசாமி, தன் மகளைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்று செய்த செலவு இது.

மேட்டுப்பாளையத்துக்கும் கோயமுத்தூருக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் அவர் இருபத்தேழு வருஷம் கண்டக்டராக இருந்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு யாராவது வரப்பில் ஓடி வருவது தெரிந்தால், புறப்பட்ட வண்டியையும் விசில் ஊதி நிறுத்திவிடுவார். உள்ளே மூச்சுவிட இடம் இருக்காது. அப்படியும் "ஏறுங்க, ஏறுங்க, உள்ள போனா எடமிருக்குதுங்க" என்பார். "ஏப்பா பாலுசாமி, இது பஸ்ஸா, உங்கூட்டுக் கல்யாணப் பந்தலா?" என்று முதலாளி ஒருமுறை எல்லார் முன்னிலையிலும் கேட்டார். பாலுசாமி சிரித்துக்கொண்டார். எதிரில் நிற்கும் ஆளிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் மாறவில்லை.

1995 நவம்பர் மூன்றாம் தேதி காலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த அவர் மனைவி நஞ்சம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டாக்ஸி வருவதற்குள் உயிர் போய்விட்டது. ஒரே மகள் கலாமணி அப்போது வெள்ளகோவிலில், புகுந்த வீட்டில், ஐந்து மாதக் கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளையோடு சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று அவளை அனுப்பவில்லை. மாப்பிள்ளையும் அவருடைய தாயார் சின்னாத்தாளும் மட்டும் வந்து மாலை போட்டுவிட்டுப் போனார்கள். கலாமணி தாய் முகத்தைப் பார்க்கவில்லை.

தை பிறந்ததும் மகளை அழைத்து வருவது என்று நஞ்சம்மாள் முன்பே முடிவு செய்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு ரசம் வைத்துக் கொடுக்கவென்றே பன்னிரண்டு கோழிகளை வளர்த்து வந்தார். பிணம் எடுத்த மூன்றாம் நாள் அந்தக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் கண்டது. ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தொங்கப் போட்டன. எட்டாம் தேதி காரியத்துக்குச் சின்னாத்தாள் வந்தபோது கடைசி இரண்டும் சாணக்குழி ஓரம் கிடந்தன.

சின்னாத்தாள் கெட்ட மனசுக்காரர் அல்ல. சுடுசொல் பேசவும் தெரியாது. காரியம் முடிந்து இலை எடுத்த பிறகு பாலுசாமியைத் தனியாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"ஏனுங்க சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. அம்மிணியும் போயி, கோழி குஞ்சு கூட ஒண்ணு மிஞ்சாத ஊட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்படிங்க அனுப்பறது?"

சமையலுக்கு ஆள் வைக்கிறேன், ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது என்றெல்லாம் பாலுசாமி சொல்லிப் பார்த்தார். அதுவல்ல விஷயம் என்று அவருக்கே தெரிந்தது. அப்போதுதான் கம்புத் தானியம் போட்ட கூடைக்குள் நஞ்சம்மாள் எடுத்து வைத்திருந்த முட்டைகள் நினைவுக்கு வந்தன. நோய் வருமுன் இட்டவை, மொத்தம் பதினைந்து.

"அவ எடுத்து வெச்ச முட்டை இருக்குதுங்க. பொரிச்சுக் காட்டிப்போடறனுங்க."

"பொரியட்டுங்க. அந்த ஊட்டுல உசுரு மறுபடி தங்குதுன்னு தெரிஞ்சா நான் எதுக்குங்க தடுக்கப் போறேன்?"

அடைக்கு உட்கார ஒரு கோழி வேண்டுமே. அக்கம்பக்கத்துக் கோழிகளும் கழிச்சலில் போயிருந்தன. மேட்டுப்பாளையத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த ரசாக்கிடம் போனார். வருஷக்கணக்காக அவருடைய பஸ்ஸில் வந்து போனவர் ரசாக். தேயிலைப் பெட்டிக்குள் பல்பு மாட்டி, சூடு ஏறினால் தானாக அணையும்படி தெர்மோஸ்டாட் வைத்து, அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக் கொடுத்தார். மூடியில் ஒரு கண்ணாடி பதித்தால் திறக்காமலே பார்க்கலாம் என்றார். அதற்கு இரண்டு நாள் ஆகும். முட்டைக்கு நாள் கடந்துகொண்டிருந்தது. கண்ணாடி வேண்டாம் என்று பாலுசாமி பெட்டியை அப்படியே எடுத்து வந்து, பதினோராம் தேதி சாயங்காலம் முட்டைகளை வைத்தார்.

ரசாக் வற்புறுத்திச் சொன்னது ஒன்று. பதினெட்டு நாள் வரை முட்டைகளைத் தினம் மூன்று வேளை திருப்பிப் போட வேண்டும். அதற்குப் பிறகு மூடியைத் தொடவே கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் போய்விட்டால் முட்டைச் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். மூக்கால் ஓட்டை போட்ட குஞ்சும் திரும்ப முடியாமல் அதற்குள்ளேயே செத்துவிடும்.

பாலுசாமி அந்த நாட்களில் வீட்டைவிட்டு அசையவில்லை. கரண்டு நின்றால் வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். ஒரு வாரம் கழித்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது மூன்றில் கரு இல்லை. பன்னிரண்டில் நரம்பு ஓடியிருந்தது. கலாமணிக்கு அன்றே கடிதம் எழுதினார். அவளும் உடனே பதில் போட்டாள். பொரிகிற நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறேன், அம்மா கட்டிலை என் அறையிலேயே போட்டு வையுங்கள் என்று எழுதியிருந்தாள்.

குஞ்சு பொரிய வேண்டிய நாள் டிசம்பர் இரண்டு. நஞ்சம்மாளின் முப்பதாம் நாள் படையலும் அதே தேதி. இரண்டையும் தள்ளிப் போட முடியாது. பெட்டியைப் பின்னறைக்குக் கொண்டுபோய், மேலே ஒரு சாக்கைப் போட்டு வைத்தார். வெள்ளிக்கிழமை மாலையே முதல் முட்டையில் ஓட்டை விழும் சத்தம் கேட்டது. சனிக்கிழமை விடிந்தபோது கீச்சுக் கீச்சென்று பல குரல் கேட்டது. வாசலில் பந்தல் போட்டவர்களிடம் பேசும்போதுகூட அவருடைய காது பின்னறையில்தான் இருந்தது.

பத்து மணிக்கு வெள்ளகோவில் வேன் வந்தது. சின்னாத்தாள் கைகால் கழுவிக்கொண்டு நேராகப் பின்னறைக்கு வந்தார். சத்தத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"தொறந்து காட்டுங்க சம்பந்தி, பாக்கலாம்."

"பொழுதோட பொரிஞ்சுருமுங்க. இன்னிக்கு ஒரு நாள்..." என்று ஆரம்பித்தார் பாலுசாமி.

"ஒருக்கா பாத்துட்டு மூடிரலாமுங்க."

அவர் சாக்கை எடுத்து மூடியைத் தூக்கினார். ஐந்து முட்டைகளில் ஓட்டை விழுந்திருந்தது. ஒன்றில் மூக்கு வெளியே நீட்டியிருந்தது. சின்னாத்தாள் குனிந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் தங்கையைக் கூப்பிட்டார். தங்கை தன் மருமகளைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் படையலுக்கு வந்த சனம் முழுக்கப் பின்னறை வாசலில் வரிசை பிடித்து நின்றது. மூடியைச் சாத்திவிட்டு அவர் நிமிர்வதற்குள் அடுத்த ஆள் வந்து நிற்பார். யாரோ ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். பாலுசாமி இரண்டு கையாலும் மூடியைப் பிடித்தபடி, "பாருங்க, பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேன் ஏறும்போது சின்னாத்தாள் சந்தோஷமாகச் சொன்னார்.

"தை பொறந்ததும் நல்ல நாள் பாத்து வந்து கூட்டிட்டுப் போயிருங்க. எத்தன குஞ்சுன்னு மட்டும் ஒரு கார்டு போட்டுருங்க."

அன்று இரவு ஒரே ஒரு குஞ்சு முட்டையோட்டில் பாதியை உதறிக்கொண்டு வந்து, விடிவதற்குள் ஓய்ந்துவிட்டது. ஞாயிறு மத்தியானத்தோடு பெட்டிக்குள் சத்தம் அடங்கியது. திங்கட்கிழமை காலை மீதியை அவர் நகத்தால் உரித்துப் பார்த்தார். உள்ளே முழுக் குஞ்சுகள். சவ்வு காய்ந்து, அப்பளம் போல முதுகோடு ஒட்டியிருந்தது. தென்னை மரத்தடியில் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தார்.

விஷயம் கேட்டு ரசாக் சைக்கிளில் வந்தார். காலிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சந்தையில பத்துக் குஞ்சு வாங்கி உட்டுருங்கண்ணா. குஞ்சு மூஞ்சியப் பாத்து எந்த முட்டைன்னு யாரு சொல்லப் போறாங்க?" என்றார்.

"அந்தம்மா கேட்டது அவ எடுத்து வெச்ச முட்டையத்தான் ரசாக்கு. பொய்ய எழுதி எம்புள்ளயக் கூட்டியாந்து, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

சின்னாத்தாள் பயந்த பயம் அதற்குள் அவருக்கும் தொற்றிக்கொண்டிருந்தது. கார்டு எழுதினார். 'குஞ்சு ஒன்றும் தங்கவில்லை. தங்கள் சித்தப்படி செய்யவும்.'

ஒன்பது நாள் கழித்து வெள்ளகோவிலிலிருந்து பதில் வந்தது. மனம் வருந்த வேண்டாம் என்றும், பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்றும், பிள்ளை பிறந்ததும் தகவல் சொல்கிறோம் என்றும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

1996 மார்ச் பதினான்காம் தேதி கலாமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை பாலுசாமி சந்தைக் கோழி இரண்டைக் காலைக் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். சின்னாத்தாள் இரு கையாலும் வாங்கிக்கொண்டார். வகையாகச் சாப்பாடு போட்டார்கள். கலாமணி குழந்தையைக் காட்டினாள். சாப்டீங்களாப்பா என்று கேட்டாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

பிறகு அவளிடமிருந்து ஒரு இன்லாண்ட் லெட்டர் வந்தது. அதற்கப்புறம் அவள் அப்பாவுக்கு எழுதியதில்லை. விசேஷம் என்றால் மாப்பிள்ளை தகவல் சொல்வார். அந்தக் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

'அப்பா, அன்றைக்கு எல்லாரும் இருந்ததால் கேட்க முடியவில்லை. ரெண்டு குஞ்சு பொரித்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாமுங்களே. நான் வந்திருப்பேன். அம்மா முகத்தைத்தான் பார்க்கவில்லை, அம்மா கட்டிலிலாவது படுத்திருப்பேன்.'

வந்து சேர்ந்த தேதி 27-3-1996.